ஓடுகிற கம்ப்யூட்டருக்கு வைத்தியம்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் அவர் இன்னும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

யார் அவர் என்கிறீர்கள். கடைக்காரர் இல்லை. பழுது பார்ப்பவரும் இல்லை. பழுது பார்ப்பவர் வருவதற்கு முதலில் பழுது என்று ஒன்று இருக்க வேண்டும், இவருக்கு அதெல்லாம் தேவையில்லை. நன்றாக ஓடுகிற ஒன்றைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. இந்த இனத்துக்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. கார்டு மாற்றுகிறவர் என்று நாம் வைத்துக்கொள்வோம். கார்டு என்றால் ரேஷன் கார்டு அல்ல. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் செருகியிருக்கிற, திரையில் படம் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பச்சைத் தகடு. கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். இவர் அதை மாற்றுவார். ஏன் என்று கேட்கக் கூடாது. பழசாக இருக்கிறது, அதனால் மாற்றுகிறார். போன மாதம் அவரே போட்டதாக இருந்தாலும் பழசுதான்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உங்கள் வீட்டு மணியை அழுத்துவார். கல்யாணத்துக்குப் போனாலும் அந்த ஸ்க்ரூ டிரைவர் கூடவே வரும், பட்டு ஜிப்பாவின் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்பார். அவர் குடியிருப்பது அதே மாடிப்படியில்தான், எந்தப் பக்கம் போனாலும் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். காபி கொடுப்பீர்கள். பிள்ளைகளின் பரீட்சை, குழாயில் தண்ணீர் வரும் நேரம், சீதோஷ்ணம் எல்லாம் விசாரிப்பார். ஆனால் கண் மட்டும் மூலையில் பூப்போட்ட உறைக்குள் தூங்கும் கம்ப்யூட்டரை விட்டு நகராது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு “ம்ம்” என்பார்.

அந்த ‘ம்ம்’ இருக்கிறதே, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

“கார்டு எவ்வளவு எம்பி?” என்பது அடுத்த கேள்வி. கல்யாணத் தரகர் நட்சத்திரம் கேட்கிற அதே குரல். உங்களுக்குத் தெரியாது என்றால் அனுதாபத்தோடு சிரிப்பார். தெரிந்து ஒரு எண்ணைச் சொன்னாலும் அதே சிரிப்புதான். பதினாறுக்கும் அந்தச் சிரிப்பு, முப்பத்திரண்டுக்கும் அந்தச் சிரிப்பு. முப்பத்தைந்து வயதாகியும் பிள்ளைக்கு வரன் பார்க்கவில்லை என்று சொன்னவரைப் பார்த்துச் சிரிப்பது போல. அவரிடம் இருக்கும் அளவுகோல், கார்டின் ஞாபகசக்தி எத்தனை மெகாபைட் என்கிற அது ஒன்றுதான். எம்பி பெரிதாக இருந்தால் கார்டு நல்ல கார்டு. பாத்திரம் பெரிதாக இருந்தால் சாம்பார் நன்றாக இருக்கும் என்று நம்புகிறவரோடு நீங்கள் என்ன வாதாட முடியும்?

எங்கள் கட்டடத்தில் இந்த இனத்தின் பிரதிநிதியாக விளங்கியவர் பூவராகவன். தில்லி மயூர் விஹாரில் எங்களுடையது கூட்டுறவுச் சங்க அடுக்குமாடி. பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். அவருக்கு லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அதிகாரி வேலை. அங்கே அவருடைய மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதைத் திறப்பது இருக்கட்டும், அதன் மவுஸுக்கு அடியில் இருக்கும் உருண்டை தொலைந்துபோனபோது புது மவுஸ் வேண்டுமென்று மேலே எழுதிப் போட்டார். முழு மவுஸும் வேண்டுமா, உருண்டை மட்டும் போதுமா என்ற கேள்வியோடு ஃபைல் கீழே வந்தது. முழு மவுஸ் என்று எழுதினார். பழைய மவுஸின் மிச்சத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று மறுபடி வந்தது. அவர் அந்த உத்தேசத்தை யோசித்து எழுதுவதற்குள் மவுஸின் வாலைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது நிஜ எலி. இப்படி வாரம் முழுக்க ஒரு காற்புள்ளியை இடம் மாற்றுவதற்குக்கூட மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் அதில் தப்பென்ன? தப்பே இல்லை. அந்த ஒன்று உங்கள் வீட்டில் இருப்பதாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

திறக்கும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். மூடும்போது அது இருக்காது. மூடுவதே அபூர்வம். மூடினாலும் இரண்டு மூன்று திருகாணி மிஞ்சும். “கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டு வச்சிருப்பான்” என்று சொல்லி, அதை ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார். அவருடைய மனைவி உஷாராணி அதையெல்லாம் பெரிதுபடுத்தியதில்லை. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வேண்டுமானால் மார்க்கெட்டில் இருக்கும் சைபர் கஃபேக்குப் போய்விட்டு வருவார். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று ஒரு தடவை நான் கேட்டுவைத்தேன்.

“இருக்கே. திறந்த வயித்தோட ஒரு வருஷமா ஆஸ்பத்திரியில படுத்திருக்கு. டாக்டருக்கு ஊர்ல கேஸ் ஜாஸ்தி” என்றார்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் கதை புரியாது. தில்லியில் தீபாவளிக்கு வருகிற சோன்பப்டி டப்பாவை நீங்கள் அறிவீர்கள். கீழ் வீட்டில் கொடுத்தது மேல் வீட்டுக்குப் போகும், மேல் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு எடுத்துப் போவார், அலுவலகத்திலிருந்து யாராவது அதைக் கீழ் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து வாழ்த்தும் சொல்வார். பூவராகவன் கழற்றும் கார்டுகளும் அப்படித்தான். உங்கள் வீட்டில் கழற்றியதைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. அதைவிட இளைத்த கம்ப்யூட்டர் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் செருகிவிடுவார். அங்கே கழற்றியதை இன்னொரு வீட்டில். கடைசியில் வருவது குடியிருப்போர் சங்க அலுவலகத்துக்கு; அங்கிருப்பது எதை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருக்கிறது? இப்படியாக எங்கள் கட்டடத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் ஒரு ரத்த சம்பந்தமே ஏற்பட்டுவிட்டது. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் நான்கு வீட்டில் கவலை.

இந்த நிலையில்தான் மூன்றாவது மாடி ஜ்யோத்ஸ்னா, படியில் எதிரே வந்த பூவராகவனிடம் வாயைக் கொடுத்தாள்.

ஜ்யோத்ஸ்னா தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கட்டட வரைபடம் போடுவது அவள் தொழில். ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பல வருஷம் அவள் போட்ட படங்களுக்கெல்லாம் வேறு யாரோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, போதும் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். அதற்காக வாங்கியதுதான் அந்தக் கம்ப்யூட்டர். மற்ற வீடுகளில் இருக்கிற மாதிரி பாட்டுக் கேட்கிற டப்பா இல்லை; தொழிலுக்கென்றே செய்த, ஒரு ஆள் தூக்க முடியாத கறுப்புப் பெட்டி. முதல் வேலையாக அவளுக்கு வந்தவர் காஜியாபாத்தில் கல்யாண ஹால் கட்டப் போகிற ஒரு பில்டர். தனக்குக் கோடு, அளவெல்லாம் புரியாது, ஹாலுக்குள் நடந்து போகிற மாதிரி திரையில் காட்ட வேண்டும், திங்கட்கிழமை வந்து பார்ப்பேன், பிடித்தால் ஹாலும் அதற்குப் பின்னால் வரப்போகிற குடியிருப்பும் உனக்கு, பிடிக்காவிட்டால் நமஸ்தே என்று சொல்லியிருந்தார். அவள் கணவன் ஸ்ரீதர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அதிகாரி. வேலையை விட்டதில் அவனுக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை. டூர் போகும்போது வாசலில் நின்று, திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம், சரிவராவிட்டால் பழைய ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணிடு என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை என்றால் அவளுக்கு அது வெறும் கிழமை இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

அவள் பூவராகவனிடம் சொன்னது, சத்தம் என்பதற்கு ஹிந்தி போட்டு, ஒரே ஒரு வாக்கியம். “அங்கிள், கம்ப்யூட்டர் ஃபேன் கொஞ்சம் ஆவாஸ் பண்றது.”

தூசு. ஏப்ரல் மாதத் தில்லியில் எல்லா ஃபேனுக்கும் வருகிற தூசு. ஒரு பெயிண்ட் பிரஷ் போதும்.

சனிக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவர் மூன்றாவது மாடி ஏறியது. நானும் போனேன். கார்டு மாற்றுகிறவர் இருக்கும் இடத்தில் டார்ச் பிடிக்கிறவர் ஒருவர் இருப்பார், அது இயற்கையின் ஏற்பாடு. எங்கள் கட்டடத்தில் அந்தப் பதவி எனக்கு. பெட்டியைத் திறந்தார். களை வந்தது. கார்டின் மேல் ஒட்டியிருந்ததைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“அறுபத்திநாலு” என்றார் என்னிடம், துக்கம் விசாரிக்கிற குரலில். “பார்த்தீங்களா சார். இவ்ளோ பெரிய பொட்டி, உள்ளே அறுபத்திநாலு.”

“நல்லா ஓடறதே அங்கிள்” என்றாள் ஜ்யோத்ஸ்னா.

“ஓடுதும்மா. யார் இல்லைன்னா? ஓடறது வேற, பறக்கறது வேற.”

“மண்டே ப்ரெசன்டேஷன் இருக்கு. அதுக்கப்புறம் பண்ணலாமா?”

“அதுக்காகத்தானே சொல்றேன். பொண்ணு பார்க்க வர்ற அன்னிக்குப் பழைய புடவையா கட்டுவாங்க?”

இந்த இனத்திடம் எப்போதும் ஒரு உவமை தயாராக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் கார்டைக் கழற்றிவிட்டிருப்பார்.

அந்தக் கார்டு கட்டடம் வரைகிறவர்களுக்கென்றே செய்தது என்பதும், அதன் சாமர்த்தியம் எம்பியில் இல்லை, ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளை ஒன்று விடாமல் பிசிறில்லாமல் காட்டுவதில் இருக்கிறது என்பதும் ஜ்யோத்ஸ்னாவுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள். ஆனால் பெரியவர் ஒருவர், அதுவும் சொந்த சனிக்கிழமையைச் செலவு செய்து உதவ வந்தவர், அவ்வளவு நிச்சயமாகப் பேசும்போது உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தது கால்குறையாகிவிடும். “பக்கா ஷ்யோர்தானே அங்கிள்?” என்று மட்டும் கேட்டாள். ஷ்யோர் இல்லாமல் அந்த இனத்தில் யாரும் பிறப்பதில்லை.

நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டி, நேரு பிளேஸுக்கு அவருடைய ஸ்கூட்டரில் போனோம். கார்டு மாற்றுகிறவர்களுக்கு அது ஷேத்திரம். கால் வைக்க இடமில்லாத வராந்தாவில், திருட்டு சிடி வேண்டுமா என்று காதில் ஓதுகிறவர்களையெல்லாம் பூவராகவன் கோயில் வாசல் பூக்காரிகளை விலக்குவது போல விலக்கிக்கொண்டு நேரே தன் வழக்கமான கடைக்குப் போனார். “ஏக்தம் நம்பர் ஒன் மால், சர்ஜி” என்று சரக்கைப் புகழ்ந்து கடைக்காரர் எடுத்து வைத்த அட்டைப்பெட்டியின் மேல் தீப்பிடித்த வாளோடு ஒரு ராட்சசன் நின்றுகொண்டிருந்தான். காஜியாபாத் கல்யாண ஹாலுக்கும் ராட்சசனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. டார்ச் பிடிக்கிறவர் கேள்வி கேட்கும் வழக்கமில்லை.

அன்று மத்தியானம் அந்தக் கார்டு, இரண்டு விசிறியும் ஒரு செங்கல்லின் கனமுமாக, உள்ளே போய் உட்கார்ந்தது. கூட வந்த சிடியைப் போட்டார். திரையில் மலைகள், மலைகளுக்கு மேல் ஒரு டிராகன், டிராகனின் ஒவ்வொரு செதிலிலும் சூரிய வெளிச்சம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு ஆஹா என்றார்கள். பூவராகவன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். டிராகன் இரண்டாவது தடவை சுற்றி வருவதற்குள் பழைய கார்டு அவர் சட்டைப் பையில் ஏறிக் கீழ்த்தளத்துக்கு, வேதாந்தம் என்ற பெரியவரின் வீட்டுக்குப் போய்விட்டது.

டிராகன் பறந்து முடித்த பிறகு ஜ்யோத்ஸ்னா தன் ஹாலைத் திறந்தாள்.

படிக்கட்டைக் காணோம். மாடியில் சாப்பாட்டுக் கூடம் இருந்தது, அதற்குப் போகும் படி இல்லை. தூண்கள் வந்து வந்து போயின. தரையை ஊடுருவிக்கொண்டு அஸ்திவாரம் தெரிந்தது. வாசலிலிருந்து மணமேடைக்கு நடக்கத் தொடங்கினால் பாதி தூரத்தில் விசிறிகள் இரண்டும் ஓங்கி அழுதன, பெட்டி அப்படியே அணைந்துபோயிற்று. மறுபடி போட்டால் மறுபடி பாதி தூரம்.

பூவராகவனுக்கு ஆள் அனுப்பினாள். வந்தார். இந்த நேரத்தில் இந்த இனம் சொல்லும் மந்திரங்கள் வரிசை மாறாதவை. முதலில் அது டிரைவர் பிராப்ளம். பிறகு சின்ன செட்டிங்ஸ். பிறகு தில்லி வோல்டேஜ். அதற்கும் பிறகுதான் உண்மையான வைத்தியம் தொடங்கும்: புதுக் கார்டுக்குக் கரண்ட் போதவில்லை, பவர் சப்ளையை மாற்றிவிடலாம், அதை மாற்றினால் போர்டு தாங்காது, போர்டையும் மாற்றிவிடலாம், போர்டை மாற்றினால் மெமரி பொருந்தாது, அதனால் என்ன, அதையும். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். கடைசியில் அவளுடையது என்று மிஞ்சப்போவது பூப்போட்ட உறை மட்டும்தான். ஆனால் அதையெல்லாம் வாங்கலாம் என்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேரு பிளேஸ் மூடியிருக்கும்.

ஞாயிறு காலை ஸ்ரீதர் போன் செய்தான். விஷயம் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. பழைய ஆபீஸில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னானாம். இதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஜ்யோத்ஸ்னா இறங்கி வந்து பூவராகவன் வீட்டு மணியை அழுத்தினாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அங்கிள், என்னோட கார்டு எனக்கு வாபஸ் வேணும்.”

“எது? அந்தப் பழசா?”

“ஆமா. அந்தப் பழசு.”

பூவராகவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு கார்டு மாற்றுகிறவரின் வாழ்க்கையில் யாரும் பின்னோக்கி மாற்றச் சொன்னதில்லை. சுத்தியலைக் கொடுத்துச் சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கச் சொன்னால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. இது அறுபத்திநாலுக்குத் திரும்பிப் போவது. இன்னொரு தடவை பார்க்கிறேனே என்றார். உள்ளேயிருந்து உஷாராணியின் குரல் வந்தது.

“கொடுத்திடுங்க. அந்தப் பொண்ணு பொட்டியையும் கொண்டாந்து நம்ம ஆஸ்பத்திரியில படுக்க வைக்க இடமில்லை.”

வேதாந்தம் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனியாக இருந்தார். கம்ப்யூட்டரில் அவர் செய்த வேலைகள் இரண்டு: உபன்யாசம் கேட்பது, கேட்டுக்கொண்டே சீட்டாடுவது. நாங்கள் உள்ளே போனபோது இரண்டும் நடந்துகொண்டிருந்தன. மயூர் விஹார் முழுவதிலும் கட்டடம் வரைவதற்கென்றே செய்த ஒரே கார்டு அங்கே ஸ்பேடு ஏழாம் நம்பர் சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

“வாரும் பூவராகவன்” என்று அவர் எழுந்தே வரவேற்றார். “உம்மைத்தான் நினைச்சிண்டிருந்தேன். இத்தனை வருஷத்துல நீர் பண்ணின ஒரே உருப்படியான காரியம் இது. ராஜாவோட மீசை இப்பத்தான் நன்னா தெரியறது.”

பூவராகவன் வந்த காரியத்தைச் சொன்னார். வேதாந்தம் உட்கார்ந்துவிட்டார். முடியாது என்றார். தன் பெட்டியை எத்தனை தடவை திறந்து மூடியாகிவிட்டது என்று தனக்கே கணக்கில்லை, கணக்குத் தணிக்கையில் இருந்தவனுக்கே கணக்கில்லை, இந்த ஒரு தடவைதான் திறந்ததால் ஏதோ நன்மை விளைந்திருக்கிறது, இதையும் பிடுங்கிக்கொள்ள வந்தால் என்ன நியாயம் என்று கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. பூவராகவன் எம்பி பற்றி ஏதோ ஆரம்பித்தார். ஜ்யோத்ஸ்னா குறுக்கே பேசினாள்.

“மாமா, அது என் கார்டு. நாளைக்கு அது இல்லேன்னா இந்தக் காம், பில்டர் வேலை, எனக்குக் கிடைக்காது. அப்புறம் நான் பழைய ஆபீஸ்ல போய் உக்காந்து வேற யாரோ சைன் பண்றதுக்குப் படம் போடணும். அவ்ளோதான்.”

உபன்யாசம் ஓடிக்கொண்டிருந்தது. வேதாந்தம் அதை நிறுத்தினார்.

“இதை நீ முன்னாடியே வந்து சொல்லப்படாதா? எடுத்துக்கோ. ராஜாவுக்கு மீசை தெரியலேன்னா என்ன, நேக்கு அடையாளம் தெரியும்.” பிறகு விரலை நீட்டினார். “ஆனா இவர் தொடப்படாது. நீயே எடு.”

அவள் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்தவளில்லை. பூவராகவன் ஸ்க்ரூ டிரைவரைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். ஒரு நிமிஷம் அதன் முனையை விடவில்லை, பிறகு விட்டார். எதிரே சோபாவில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் டார்ச்சைப் பிடித்தேன்.

“முதல்ல அந்த இரும்பைத் தொட்டுக்கோம்மா” என்றார் அங்கிருந்தே, சின்னக் குரலில். “உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கணும். தகட்டை நடுவுல பிடிக்காதே, ஓரத்தைப் பிடி. பின்னாடி ஒரு கொக்கி இருக்கும், அதைத் தள்ளிட்டு இழு. ஆட்டாதே. நேரா வரும்.”

நேராக வந்தது.

அவருக்கு விஷயம் தெரியாது என்று நான் அத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. தெரியாதது ஒன்றே ஒன்றுதான், எதைத் தொடாமல் விடுவது என்பது. அந்தப் பாடத்தை எந்தக் கம்பெனியும் கார்டோடு சிடியில் போட்டுத் தருவதில்லை.

வேதாந்தத்தின் திரை இருட்டாகக் கிடக்கக் கூடாதே என்று ராட்சசன் கார்டை அவருக்கு வைத்தார்கள். சீட்டாட அதற்குக் கரண்ட் போதுமாக இருந்தது. விசிறிகள் மட்டும் தண்ணீர் மோட்டார் மாதிரி இரைந்தன. வேதாந்தம் உபன்யாசத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அதன் பிறகு கீழ்த்தளம் முழுவதற்கும் புண்ணியம்.

மேலே, தன் பெட்டியையும் அவளே திறந்தாள், அவளே செருகினாள். தூசையும் ஒரு பிரஷ்ஷால் அவளே தட்டினாள்; ஃபேன் ஆவாஸ் பண்ணுவது நின்றுவிட்டது. ஹாலைத் திறந்தாள். படிக்கட்டு இருந்தது. தூண்கள் நின்ற இடத்தில் நின்றன. வாசலிலிருந்து மெதுவாக உள்ளே நடந்து, மணமேடையைச் சுற்றி, படியேறி, சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலருகே போய் நின்றாள். பறக்கவில்லை. நடந்தாள்.

பூவராகவன் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் திரையில் படம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்றுதான் பார்த்திருந்தாரே தவிர, சுழல்வது என்ன என்று பார்த்திருக்கவில்லை.

“இதெல்லாம் நீயேவா போட்டே?” என்றார்.

“ஆமா அங்கிள்.”

“வயசானவங்க இந்தப் படி எப்படி ஏறுவாங்க?”

“அந்தப் பக்கம் லிஃப்ட் இருக்கு. பாருங்க.”

பார்த்தார். லிஃப்ட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டுமென்றார். அழைத்துப் போனாள்.

திங்கட்கிழமை பில்டர் தன் மைத்துனர் இருவரோடு வந்தார். திரையில் ஹாலுக்குள் நடந்தார். எல்லாம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: மாப்பிள்ளை வருகிற குதிரை எந்த வழியாக உள்ளே வரும்? இந்த ஊர்க் கல்யாணத்தில் அதுதானே முக்கியம். ஜ்யோத்ஸ்னா வாசலுக்குத் திரும்பிப் போய், பக்கவாட்டில் குதிரைக்கென்று உயரமாக வைத்திருந்த வளைவையும், அதற்கு அந்தப் பக்கம் குதிரை இளைப்பாறும் இடத்தையும் காட்டினாள். பில்டர் மைத்துனர்களைப் பார்த்தார். ஹால் அவளுக்கே என்று ஆயிற்று. எல்லாச் சுவரையும் ரோஸ் கலராக மாற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவளுடைய பெயரும் கையெழுத்தும் வரைபடத்தின் ஓரத்தில் ஏறின. ஸ்ரீதர் டூரிலிருந்து வந்து, எனக்கு அப்போதே தெரியும் என்றான். அது வேறொரு இனம், இன்னொரு நாள் பார்க்கலாம்.

பூவராகவனும் சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் “கார்டை மாத்தினோம், காரியம் ஆச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை மாற்றினோம்.

போன பனிக்காலத்தில் பூவராகவன் காலமாகிவிட்டார். அதிலிருந்து எங்கள் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் கெட்டதில்லை. எல்லாம் மூடியிருக்கின்றன. திருகாணி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ஏதாவது தொந்தரவென்றால் கம்பெனிக்கு போன் செய்கிறோம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்து, காபி வேண்டாம் என்று சொல்லி, கேட்டதை மட்டும் செய்துவிட்டுப் போகிறார். மிகவும் சௌகரியமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் யார் வீட்டு மணியையும் அழுத்துவதில்லை. இரண்டாவது மாடியில் குழந்தை பிறந்திருப்பது எனக்குப் பெயர் வைத்த பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவும் படித்த உங்களுக்கு யாரோ ஒரு சித்தப்பாவோ, மேல் வீட்டுக்காரரோ ஞாபகம் வந்து, சரியாகச் சொன்னான் என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். போன வாரம் நண்பர் வீட்டில் டி.வி.யில் கலர் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று ரிமோட்டைக் கேட்டு வாங்கியது யார்? அடுத்த வீட்டுப் பெண் சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், அவளைப் பிடித்து பி.எட். படித்தால் என்ன என்று கேட்டது? ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா’ என்று நீங்கள் ஆரம்பித்து நிறுத்தாத வாக்கியங்கள் எத்தனை? இப்போதுகூட, இந்தக் கட்டுரையில் குதிரை வரும் இடத்தை முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா?

வெட்கப்பட ஒன்றுமில்லை. போய் மணியை அழுத்துங்கள். காபி கொடுப்பார்கள், குடியுங்கள். பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால் மட்டும், அந்த வீட்டுக்காரர் அதில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் காட்டுவார், உள்ளே அழைத்துப் போவார், லிஃப்ட்கூட இருக்கும். எல்லாம் பார்த்துவிட்டு, நிதானமாகத் திறக்கலாம். எப்படியும் திறக்காமல் வரப்போவதில்லை நீங்கள்.